பழைய பிக்கப்புக்குப் புது எஞ்சின்: டெல்டா வண்டிக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பக்கம் பதினைந்து இருபது வருடம் உழைத்த பிக்கப்புகள் இன்னும் நிறைய ஓடுகின்றன. திருவையாற்று வாழைத்தார், கும்பகோணத்து வெற்றிலை, கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் மூட்டை, நாகையின் மீன் பெட்டி எல்லாமே இவற்றில்தான் போகிறது. பாடியும் சேஸும் தாங்கும். எஞ்சின் மட்டும் களைத்துப்போகும். "புது மாடல் எஞ்சின் ஒண்ணு வாங்கி ஏத்திடலாமா?" என்ற கேள்வி அப்போதுதான் வரும். பட்டறையில் எங்களிடம் கேட்பவர்களுக்குச் சொல்லும் பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

பழைய பிக்கப்பில் புது மாடல் எஞ்சின் உட்காருமா?

உட்காரும். நல்ல லேத் பட்டறையும் கைதேர்ந்த வெல்டரும் இருந்தால் ஏறக்குறைய எந்த டீசல் எஞ்சினையும் உட்கார வைத்துவிடலாம். ஆனால் எஞ்சினைத் தொங்கவிட்டு நாலு போல்ட் போடுவது இந்த வேலையில் சின்னப் பங்குதான். ஆர்.சி. புத்தகம், கியர் பாக்ஸ், வயரிங், பிரேக், ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றும் அந்த எஞ்சினுக்கு ஒத்துவர வேண்டும். இதில் ஆர்.சி. புத்தகத்தை முதலில் பாருங்கள். பலரும் அதைக் கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா?

ஒரே கம்பெனி, ஒரே வகை எஞ்சின் என்றால் வழி உண்டு. வேறு வகை என்றால் பெரும்பாலும் கிடையாது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவுதான் இதற்கு அடிப்படை. கம்பெனி ஆதியில் கொடுத்த விவரமும் ஆர்.சி.யில் இருக்கும் விவரமும் முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று அது சொல்கிறது. அதே பிரிவில் இன்னொரு உட்பிரிவு இருக்கிறது. பத்து வண்டிக்குக் குறையாமல் வைத்திருக்கும் போக்குவரத்து முதலாளிகள், அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினை முன் அனுமதி இல்லாமல் மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவு தரலாம் என்பது அது. பெரிய முதலாளிக்கே "அதே கம்பெனி, அதே வகை" என்றுதான் எல்லை போட்டிருக்கிறார்கள். ஒரு வண்டி, இரண்டு வண்டி வைத்திருப்பவர் ஆர்.டி.ஓ. ஆபீசில் அனுமதி வாங்கிவிட்டுத்தான் எஞ்சினில் கை வைக்க வேண்டும்.

2019 ஜனவரியில், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது: கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்ற முடியாது, மாநில விதிகள் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவைதான். அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம் 182ஏ பிரிவைப் புதிதாக மாற்றி எழுதியது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இது வண்டி உரிமையாளர் மேல் வரும். பட்டறைக்காரர் செய்தார் என்று சொல்லித் தப்ப முடியாது.

மஞ்சள் போர்டு வண்டியாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். எட்டு வருடம் தாண்டிய சரக்கு வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. (தகுதிச் சான்று) காட்ட வேண்டும். பிரேக் இன்ஸ்பெக்டர் சேஸ் நம்பரையும் எஞ்சின் நம்பரையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுவார். ஒரு வருடம் மறைத்து ஓட்டலாம். அடுத்த வருடம் அங்கே நின்றுதானே ஆக வேண்டும்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் என்ன கேட்பார்கள்?

உங்கள் வண்டி எந்த ஆபீசில் பதிவோ அங்கே முதலில் போங்கள். டி.என். 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. எந்த எஞ்சினைப் போடப்போகிறீர்கள் என்று எழுதிக் கொடுத்து அனுமதி கேளுங்கள். ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, எஞ்சின் வாங்கிய பில், எஞ்சின் நம்பரின் பென்சில் பிரிண்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். வேலை முடிந்ததும் 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் எஞ்சின் நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டும்; வண்டியை நேரில் காட்டவும் சொல்வார்கள்.

வண்டிக்கு ஃபைனான்ஸ் கடன் பாக்கி இருந்தால் அவர்களிடமும் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் புது எஞ்சின் நம்பரை எழுதிக் கொடுத்து, பாலிசியில் ஏற்றியதற்கான தாளை வாங்கி வையுங்கள். விபத்து நடந்த பிறகு நம்பர் ஒத்துவரவில்லை என்று கிளெய்ம் நின்றால், வண்டிக்காரர் குடும்பமே தலையில் கை வைத்துக்கொள்ளும். இந்த ஒரு தாளுக்காக அரை நாள் அலைந்தாலும் பரவாயில்லை.

நான் வயலுக்கும் களத்துக்கும்தான் ஓட்டுகிறேன். எனக்குமா இது?

ஆமாம், உங்களுக்கும்தான். பொதுமக்கள் நடமாட உரிமையுள்ள எந்த இடமும் சட்டத்தில் பொது இடம்தான். ஆற்றங்கரை ரோடு, வாய்க்கால் கரை, ஊராட்சிச் சாலை எல்லாம் அதில் அடங்கும். டெல்டாவில் வயலிலிருந்து களத்துக்குப் போக இவற்றில் ஒன்றிலாவது ஏறாமல் போக முடியுமா?

எந்த எஞ்சின் போடுவது நல்லது? ஸ்கார்பியோ எஞ்சின் போட்டால் பறக்கும் என்கிறார்களே?

பறக்கும்தான். ஆனால் நம் ஊரில் எங்கே பறப்பது?

டெல்டா சமதளம். மலை ஏற வேண்டியதில்லை. நம் வண்டிக்குத் தேவை, சேற்று வரப்போரம் மூட்டையோடு நின்ற இடத்திலிருந்து திணறாமல் கிளம்புவது. பழைய மகேந்திரா பிக்கப்பில் வந்த 2,523 சி.சி. டி.ஐ. (சிலிண்டருக்குள் நேரடியாக டீசல் பாயும்) எஞ்சினை எடுத்துக்கொள்ளுங்கள். போர் (சிலிண்டரின் அகலம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 101.6 மி.மீ.; அதாவது மூணரை அங்குலத்துக்கு நாலு அங்குலம். ஸ்ட்ரோக் நீளம், சுற்று குறைவு, அடிமட்டத்திலேயே இழுவை. ஸ்கார்பியோவில் 2008-இல் வந்த எம்ஹாக் 2,179 சி.சி.; டர்போவும் காமன் ரெயிலும் (கம்ப்யூட்டர் அளந்து, மிகுந்த அழுத்தத்தில் டீசல் பாய்ச்சும் முறை) சேர்ந்து 120 குதிரைத்திறன் கொடுக்கும். ஆனால் அந்த முழுத் திறன் 4,000 சுற்றில் வரும். நெல் ஏற்றிக்கொண்டு அம்மாப்பேட்டைக்கும் நீடாமங்கலத்துக்கும் இடையே ஓடும் வண்டி அந்தச் சுற்றுக்கே போகாது. சட்டத்தின் கண்ணில் அது வேறு வகை எஞ்சின் என்பதும் இருக்கிறது.

அதனால் எங்கள் யோசனை இதுதான்: உங்கள் வண்டியில் வந்த அதே எஞ்சின், குறைந்த ஓட்டம் ஓடியதாக, நல்ல நிலையில் கிடைத்தால் அதைப் போடுங்கள். டாடா 207 டி.ஐ. என்றால் அதே 2,956 சி.சி., 97 மி.மீ. போர் எஞ்சின். அந்தக் குடும்பத்து எஞ்சின் 407-லும் ஓடியது. அதனால் பாகம் கிடைக்கும், கை பழகிய மெக்கானிக்கும் கிடைப்பார். ஆனால் டர்போ இருக்கிறதா, இல்லையா என்பதை ஆர்.சி.யோடும் எஞ்சின் தகட்டோடும் ஒப்பிட்டு வாங்குங்கள். குடும்பம் ஒன்று என்பதால் வகையும் ஒன்றாகிவிடாது.

மகேந்திராவில் அதே 2,523 சி.சி. பின்னாளில் காமன் ரெயிலாகவும் வந்தது. பிளாக் ஒரே குடும்பம் என்பதால் எஞ்சின் மவுண்டிங், பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் கூடு) தகராறு பெரும்பாலும் குறைவு. புது மாடல்தான் வேண்டும் என்று மனசு கேட்டால், ஆர்.டி.ஓ.விடம் எழுதிக் கேட்டுப் பார்க்கத் தகுந்தது இதுதான். மறுத்தால் விட்டுவிடுங்கள்.

எஞ்சின் மாற்றுவதா, இருக்கிற எஞ்சினுக்கே ஃபுல் வேலை பார்ப்பதா?

பிளாக்கில் விரிசல் இல்லை, கிராங்க் உடையவில்லை என்றால் ஃபுல் வேலை பார்ப்பதுதான் என் விருப்பம். புது லைனர், பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு வேலை, பம்ப்பும் நாசிலும் செட்டிங். இதெல்லாம் நேர்மையாகச் செய்தால் வண்டி மறுபடி பல வருடம் உழைக்கும். எஞ்சின் நம்பர் மாறாது. ஆர்.டி.ஓ. அலைச்சல் இல்லை. வயரிங்கில் கை வைக்க வேண்டியதில்லை. பழைய எஞ்சின் வாங்குவது என்பது இன்னொருவர் அடித்து ஓட்டிய எஞ்சினை வாங்குவது. அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும்.

கிராங்க்கை ஏற்கெனவே கடைசி அண்டர் சைஸ் (இனி கடைய முடியாத அளவு) வரை கடைந்துவிட்டார்கள், கனெக்டிங் ராடு உடைந்து பிளாக்கையே குத்திவிட்டது, இந்த மாதிரி நிலையில்தான் மாற்றுவது லாபம்.

பழைய எஞ்சின் வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

முதலில் அது யாருடையது என்று பாருங்கள். சென்னை புதுப்பேட்டையோ வேறு ஊரோ, எந்த வண்டியிலிருந்து கழற்றியது, அந்த வண்டியின் ஆர்.சி. நகல், விற்றவரின் கையெழுத்துள்ள பில் மூன்றும் வேண்டும். எஞ்சின் நம்பர் கிரைண்டர் போட்டுச் சுரண்டியதாகவோ புதிதாகக் குத்தியதாகவோ தெரிந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் பிக்கப்பில் இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

அடுத்து எஞ்சின் ஓடும் சத்தத்தைக் கேளுங்கள். வண்டியில் இருக்கும்போதே ஓட்டிப் பார்க்க முடிந்தால் அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நாம் போவதற்கு முன்னாலேயே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் மூடியைத் திறந்து ஆவி எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கட்டிலோ நாசிலிலோ பிரச்சினை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் அளந்து, ஒன்றுக்கொன்று அதிக வித்தியாசம் இல்லாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். டர்போ இருந்தால் அதன் ஷாஃப்ட்டைக் கையால் ஆட்டிப் பாருங்கள். மேலும் கீழும் தட்டினால் அதற்கு ஆயுள் முடிந்தது. ஆயில் பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எஞ்சின் மலிவாக வரும், அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

கியர் பாக்ஸ் பழையதே இருக்கட்டுமா?

அதே வகை எஞ்சின் என்றால் இருக்கட்டும். கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், ஃப்ளைவீல் நடுவில் இருக்கும் சின்ன பைலட் பேரிங் நான்கையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். எஞ்சின் கீழே இறங்கியிருக்கும்போது இந்தச் செலவைத் தள்ளிப்போட்டால், மறுபடி கியர் பாக்ஸ் இறக்கும் கூலி சேர்ந்துகொள்ளும்.

வேறு எஞ்சின் என்றால் பெல் ஹவுசிங் போல்ட் ஓட்டைகள் ஒத்துவராது. நடுவில் அடாப்டர் பிளேட் கடைய வேண்டும். அதில் மையம் கொஞ்சம் விலகினாலும் கியர் பாக்ஸின் முன் பேரிங் அடிவாங்கும், கிளட்ச் பிளேட் உடையும். எஞ்சினோடு அதன் கியர் பாக்ஸையும் சேர்த்தே எடுத்தால் இந்தத் தொல்லை போகும்; ஆனால் புரொப்பல்லர் ஷாஃப்ட் நீளம், கியர் லீவர் வரும் இடம், ஸ்பீடோமீட்டர் எல்லாம் மாறும். ஷாஃப்ட்டை வெட்டி ஒட்டினால் பேலன்ஸ் பார்க்காமல் மாட்டக் கூடாது. பின் ஆக்சிலின் கிரவுன் பினியனை மட்டும் தொடாதீர்கள். பிக்கப்பின் பல் விகிதம் சுமைக்காக வைத்தது.

வயரிங்கும் ஈ.சி.யு.வும் அவ்வளவு சிக்கலா?

ஈ.சி.யு. என்பது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர். காமன் ரெயில் எஞ்சினில் பாதி உயிர் அதுதான். பழைய ரோட்டரி பம்ப் எஞ்சினுக்கு ஒரு ஸ்டாப் வயர், ஒரு ஹீட்டர் வயர் போதும். காமன் ரெயிலுக்குக் கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், காற்று அளவு சென்சார், எலக்ட்ரானிக் ஆக்சிலரேட்டர் பெடல், கிளட்ச் சுவிட்ச், பிரேக் சுவிட்ச் எல்லாம் வேண்டும். சாவியில் இம்மொபிலைசர் இருந்தால் அந்தச் சாவி, அதைப் படிக்கும் காயில், ஈ.சி.யு. மூன்றும் ஒரே வண்டியுடையதாக இருக்க வேண்டும். எஞ்சினை விற்பவர் வயரிங்கைக் கட்டிங் பிளேயரால் வெட்டி எடுத்திருந்தால் அந்த எஞ்சின் வேண்டாம். முழு ஹார்னஸையும் கப்ளரோடு கழற்றித் தரச் சொல்லுங்கள்.

பழைய சேஸில் எர்த் கம்பி துருப்பிடித்திருக்கும். பாட்டரியிலிருந்து எஞ்சின் பிளாக்குக்கும் சேஸுக்கும் புதிதாகத் தடித்த எர்த் போட்டுவிடுங்கள். காரணமே தெரியாமல் நின்று போகும் வண்டிகளில் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான்.

டீசலில் எதையாவது மாற்ற வேண்டுமா?

பழக்கத்தை மாற்ற வேண்டும். பம்புசெட்டுக்கு வாங்கி வைத்த கேனிலிருந்து அப்படியே வண்டியிலும் ஊற்றுவது நம் ஊரில் சாதாரணம். பழைய டி.ஐ. எஞ்சின் அதைத் தாங்கும். காமன் ரெயிலில் டீசல் 1,600 பார் அளவு அழுத்தத்தில் பாய்கிறது. ஒரு சொட்டுத் தண்ணீரோ கண்ணுக்குத் தெரியாத துருவோ போதும், இன்ஜெக்டர் போய்விடும். டேங்கைக் கழற்றிக் கழுவி, துரு இருந்தால் மாற்றி, தண்ணீர் பிரிக்கும் கிண்ணத்தோடு ஃபில்டர் போட்டு, மழைக்காலத்தில் அடிக்கடி திறந்து வடித்துவிடுங்கள்.

பிரேக் பழையதே போதுமா?

அதே எஞ்சின் என்றால் இருக்கிற பிரேக்கைச் சரியாக வைத்தால் போதும். திறன் கூடிய எஞ்சின் என்றால் போதாது. 60, 65 குதிரைத்திறனுக்குப் போட்ட டிரம், லைனிங், லீஃப் ஸ்பிரிங் இருமடங்கு திறனைத் தாங்கும் என்று நம்பி ஒரு குடும்பத்தை ஏற்றாதீர்கள்.

இன்னொன்று: டீசல் எஞ்சினில் பிரேக் பூஸ்டருக்கு வாக்குவம் தனி பம்ப்பிலிருந்து வருகிறது. பல எஞ்சின்களில் அது ஆல்டர்னேட்டரின் பின்னால் இருக்கும். எஞ்சின் மாற்றும்போது ஆல்டர்னேட்டரையும் மாற்றி, வாக்குவம் பம்ப்பை மறந்துவிட்டால் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பட்டறையை விட்டு வெளியே எடுக்கும் முன் எஞ்சினை ஓடவிட்டுப் பெடலை மிதித்துப் பார்ப்பது கட்டாயம்.

சூடு ஏறுமா?

மெதுவாக, சுமையோடு, வெயிலில் ஓடும் வண்டிக்கு முன்னால் இருந்து காற்று கிடைக்காது, ஃபேன்தான் எல்லாம். அறுவடைக் காலத்தில் வைக்கோல் தூசியும் நெல் சுணையும் ரேடியேட்டரை அடைத்துவிடும். டர்போ எஞ்சின் என்றால் முன்னால் இன்டர்கூலரும் வேண்டும். பழைய பிக்கப் மூக்கில் அதற்கு இடம் பார்ப்பது பெரிய வேலை. ரேடியேட்டரைப் பிரித்து ராட் போட்டுச் சுத்தம் செய்து, தெர்மோஸ்டாட், ஹோஸ், மூடி மூன்றையும் புதிதாகப் போடுங்கள். தெர்மோஸ்டாட்டையே கழற்றி எறிந்துவிட்டு ஓட்டுவது வேண்டாம். எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமல் டீசலும் குடிக்கும், போரும் தேயும்.

கடலோர வண்டி, மழை வெள்ளம்?

வேதாரண்யத்து உப்பு, நாகை, காரைக்கால் மீன் தண்ணீர் ஏற்றிய வண்டி என்றால் எஞ்சின் பேச்சுக்கு முன் சேஸைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மண்ணாக உதிரும் சேஸில் எஞ்சின் மவுண்டிங் வெல்டிங் நிற்காது. அப்படிப்பட்ட வண்டிக்கு எஞ்சின் வாங்கும் காசு வீண். ஐப்பசி, கார்த்திகையில் ரோட்டில் தண்ணீர் நிற்கும் ஊர்களில் காற்று இழுக்கும் குழாயை உயரத்தில் வையுங்கள். ஈ.சி.யு.வை ஃபுட்போர்டு பக்கம் கட்டாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் மேலே வையுங்கள்.

பி.எஸ். 6 எஞ்சின் போடலாமா?

வேண்டாம். 2020 ஏப்ரலுக்குப் பின், பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த அந்த எஞ்சின்கள் புகைவடிப்பான், அதன் சென்சார்கள், முழு வண்டியின் கம்ப்யூட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே ஏற்பாடு. அதில் பாதியைக் கழற்றிப் போட்டு ஓட வைப்பதில் எந்த நன்மையும் இல்லை.

சி.என்.ஜி. அல்லது எலக்ட்ரிக்காக மாற்றினால்?

வேறு எரிபொருளுக்கு மாறுவதற்குச் சட்டத்தின் அதே 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் அரசு அங்கீகரித்த சோதனை நிலையம் சான்று கொடுத்த கிட்டாக இருக்க வேண்டும், அந்த கிட் உங்கள் மாடலுக்குப் பொருந்த வேண்டும், பொருத்துபவரும் அனுமதி பெற்றவராக இருக்க வேண்டும்.

மைலேஜ் கூடுமா?

தேய்ந்த எஞ்சினை நல்ல எஞ்சினாக மாற்றினால் கூடும். அதற்குக் காரணம் அது நல்ல எஞ்சின் என்பதே. மைலேஜுக்காக மட்டும் மாற்ற நினைப்பவர்கள் முதலில் நாசில் செட்டிங், ஏர் ஃபில்டர், பிரேக் ஒட்டிப் பிடிக்கிறதா என்பதைப் பார்க்கட்டும்.

எவ்வளவு பணம் வைத்துக்கொள்ள வேண்டும்?

எஞ்சின் விலை ஊருக்கு ஊர், நிலைக்கு நிலை மாறும். எங்கள் பட்டறைக் கணக்கு ஒன்றைச் சொல்கிறேன்: வேறு வகை எஞ்சின் என்றால், எஞ்சினுக்குக் கொடுக்கும் அளவு பணம் இன்னொரு மடங்கு கையில் இருக்க வேண்டும். லேத் வேலை, ரேடியேட்டர், ஹோஸ், வயரிங், கிளட்ச், சைலன்சர் வளைவு என்று அது கரைந்துவிடும். அதே வகை எஞ்சின் என்றால் இதில் பெரும்பகுதி இல்லை.

எந்த மாதத்தில் வேலையைத் தொடங்கலாம்?

சம்பா, தாளடி அறுப்பு முடிந்து, மேட்டூர் திறப்பதற்கு முன். வழக்கப்படி ஜூன் 12-இல் தண்ணீர் விட்டால் உழவு, விதை, உரம் என்று வண்டி ஓய்வில்லாமல் ஓடும். அதனால் ஆர்.டி.ஓ. விண்ணப்பத்தை மாசியிலேயே கொடுத்துவிடுங்கள். உளுந்து, பயறு ஏற்றும் வண்டி என்றால் அதையும் பார்த்து நாள் குறியுங்கள்.

வேலை முடிந்த பிறகு எப்படி ஓட்ட வேண்டும்?

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டீசலை நிறுத்திவிட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஆயில் பிரஷர் வந்த பிறகு ஓடவிடுங்கள். அன்றைக்குச் சுமை ஏற்றாமல் பக்கத்து ஊர் வரை போய் வந்து, சூடு ஆறியதும் எல்லா மவுண்டிங் போல்ட்டையும், ஹோஸ் கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள். கீழே காகிதம் விரித்து வைத்தால் காலையில் எங்கே ஒழுகுகிறது என்று தெரியும். ஃபுல் வேலை பார்த்த எஞ்சின் என்றால் முதல் ஆயிலைச் சீக்கிரமே வடித்து, ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த ஆயிலில் ஒரு காந்தத்தை விட்டுப் பாருங்கள். மெல்லிய கருந்தூள் ஒட்டினால் சாதாரணம். செதில் செதிலாக இரும்பு வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.